கன்னியம்மா வீட்டு டிவியில் ஒரு வட்டம்

எங்கள் வட்டார டிவி மெக்கானிக்குகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு சர்வீஸ் அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். செயலாளர் போன் பண்ணி, "ஏகாம்பரம் அண்ணே, சிரிக்கிற மாதிரி எதுனா எயுதிக் குடுங்க" என்றார். சிரிப்புக்கு என்னிடம் பஞ்சமில்லை. வாலாஜாபாத் அரிசி மண்டி ஒன்றில் டிவிக்குள் அணில் குடும்பம் நடத்தியதை எழுதினால் இரண்டு பக்கம் ஓடும். ஆனால் போனை வைத்ததும் என் மனசு போய் நின்றது மாகறல் பக்கத்து வீடு ஒன்றின் கூடத்தில். அதை விட்டு வேறு எதையும் எழுத வரவில்லை. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் அன்றைக்கு நடந்ததும் புரியாது.

கம்ப்யூட்டரை டிவியில் மாட்டுகிற வீடுகளில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். ஓரம் வெட்டுது. கீழ் வரிசையில் இருக்கிற பட்டன்கள் தெரியாது, மூலையில் இருக்கிற பெருக்கல் குறி பாதிதான் தெரியும். இதில் டிவி கெட்டுப்போகவும் இல்லை, கம்ப்யூட்டர் கெட்டுப்போகவும் இல்லை. அந்தக் காலத்து ஒளிபரப்பில் ஓரத்தில் குப்பை வரும். அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தை வெளியே தள்ளிக் காட்டும்படி டிவியைச் செய்தார்கள். பழக்கதோஷம், இன்றைய டிவியும் அதையே செய்கிறது. சினிமா பார்க்கிறவனுக்கு ஓரம் போனால் நஷ்டமில்லை. கம்ப்யூட்டருக்கு ஓரத்தில்தானே எல்லாம் இருக்கிறது? ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவு என்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஒரு கம்பெனிக்காரன் அதை 'ஸ்கிரீன் ஃபிட்' என்பான், இன்னொருவன் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்பான். பெயர் எதுவானாலும் உள்ளே நுழைந்து அதைப் போட்டுவிட்டால் ஓரம் திரும்பி வந்துவிடும். இது சுலபமான கோளாறு.

யாரும் புகார் சொல்லாத கோளாறு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் பழைய சதுர மானிட்டரின் அளவு அப்படியே தங்கியிருக்கும். டிவியோ அகலமானது. அந்தச் சதுரப் படத்தை இழுத்து டிவி முழுக்க ரொப்பிவிடும். அப்போது எல்லாமே அகலவாக்கில் பருத்துத் தெரியும். நியாயப்படி இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் கறுப்புப் பட்டை விட்டால் மெக்கானிக்குக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். "முயு டிவிக்கும் துட்டு குடுத்துக்கீறேன், நீ பாதி டிவில படம் காட்டுற?" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் ஊர் முழுக்க இழுத்துக் கட்டிய படம்தான். கல்யாண சிடியில் மாப்பிள்ளை எல்லாம் மாமனார் வீட்டில் ஆறு மாசம் சாப்பிட்டவர் போல இருப்பார். படம் சின்னதாகத் தெரிந்தால் கூப்பிடுவார்கள். வெட்டினால் கூப்பிடுவார்கள். பருத்துத் தெரிகிறது என்று என் சர்வீசில் ஒரு வீட்டிலும் கூப்பிட்டதில்லை.

நான் தொழில் படித்தது காஞ்சிபுரத்தில். ரேடியோவைப் பிரித்தேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், ஷாக் வாங்கினேன், அவ்வளவுதான் படிப்பு. வேலை என்று ஒன்று கற்றது உத்திரமேரூர் கடைத்தெருவில் காதர் பாய் கடையில் சேர்ந்த பிறகு. ஓய்வு பெறும்வரை அந்த ஒரே கடைதான்.

பாய் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பிறகு, "நீங்க டிவி பாக்கிறப்ப எங்க உக்காருவீங்க?" என்று கேட்டு அந்த இடத்தில் போய் உட்காருவார். கோரைப்பாயோ, நாற்காலியோ, நெல் மூட்டையோ, அவர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பெட்டியைத் தொடுவார். வீட்டுக்காரரிடம் 'தப்பு' என்ற வார்த்தையைச் சொல்லவே மாட்டார். "கொஞ்சம் சாஞ்சிக்கீது, நிமித்திடலாம்" என்பார்.

அவர் சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஈர்க்கும் இருக்கும். தென்னை விளக்குமாற்றில் இருந்து உருவிய குச்சி. வேலை முடிந்ததும் திரையில் ஒரு வட்டத்தை வரவழைக்கச் சொல்வார். பழைய பெட்டிகளில் அதற்கென்று ஒரு கருவி மாட்டுவோம். பிறகு கம்ப்யூட்டரிலேயே வரைந்துகொண்டோம். அந்த வட்டத்தின் மேல் ஈர்க்கை நிற்க வைத்து, விட்டத்தின் அளவுக்கு நகத்தால் கிள்ளி அடையாளம் வைப்பார். அப்படியே படுக்க வைப்பார். இரண்டும் ஒத்து வந்தால் வேலை முடிந்தது. ஒத்து வராவிட்டால், "ஏகா, இது முட்ட. வட்டம் எங்க?" என்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

ஒருமுறை ஒரு பெரிய குடித்தனக்காரர் வீட்டில் நான் வட்டத்தைச் சரிபண்ணி முடித்ததும் அவர், "ரொப்புய்யா, கறுப்பா கீதே" என்று கத்தினார். நான் சண்டைக்குத் தயாரானேன். பாய் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, அவர் கேட்டபடி இழுத்துக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "படம் அவங்களுது, வட்டம் நம்மளுது. மொதல்ல நம்மளுத முடி. அப்பால அவங்க இஷ்டத்துக்கு இழுத்துக் குடு. முட்டைய வட்டம்னு மட்டும் வாயால சொல்லிடாத."

இதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். கன்னியம்மா வீட்டில் அது எனக்கு உதவவில்லை.

கன்னியம்மா மாகறலுக்குப் பக்கத்தில் செய்யாற்றங்கரையோரம் நெல் வைக்கிறவர். புருஷன் இல்லை. ஒரே பிள்ளை வரதன். வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்குப் போயிருந்தான். வீடு செங்கல்லோடு நின்றது, இன்னும் பூச்சு வேலை நடக்கவில்லை. வரதன் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. மானிட்டர் செத்துப்போனதால் அதை டிவியில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் தாயும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். மாட்டிக் கொடுத்தவன் கன்னியம்மாவின் அண்ணன் மகன் பாபு. பக்கத்து வீடுதான்.

பழைய டிவியும் அகலமானதுதான். அது கெட்டு, புது டிவி வாங்கியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாபு பைக்கில் வந்து என்னைக் கூட்டிப்போனான். கன்னியம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எம் புள்ள மூஞ்சி முயுசா தெரிய மாட்டுதுண்ணே. மோவாக்கட்ட வெட்டிக்கினு பூடுது. கீய இருக்கிற பட்டனும் காணல. பேசி முடிச்சிட்டு அவன நிறுத்தத் தெரியாம பேஜாரா கீது."

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். டிவிக்கு எதிரே தரையில் ஒரு பலகை போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து பார்த்தேன். வழக்கமான ஓரக் கோளாறு. ரிமோட்டில் உள்ளே போய்ச் சரிசெய்தேன். கீழ் வரிசை வந்துவிட்டது. கன்னியம்மா கையைத் தட்டினார்.

"வந்துச்சி பாரு! இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்டுவான் அண்ணே, நீயும் பாத்துட்டுப் போ. அங்க போயி இன்னாமா பூசினாப்ல ஆயிட்டான் தெரிமா? இங்க இருக்கறப்ப கொத்தவரங்கா மாதிரி இருந்தான்."

அலமாரியில் இருந்து இரண்டு சட்டை எடுத்துக் காட்டினார். ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்ப வாங்கி வைத்தது. பெரிய சைஸ். "முன்ன போடற சைசு இப்ப அவனுக்குப் பத்தாது" என்றார். அந்தச் சட்டைகளை மடித்து வைக்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் என்னவென்று சொல்ல!

நான் அப்போதே கிளம்பியிருக்கலாம். கூப்பிட்ட வேலை முடிந்தாயிற்று. ஆனால் வட்டம் பார்க்காமல் எழுந்து வந்து பழக்கமில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் வரைந்து, பாயைப் போல நானும் சட்டைப் பையில் வைத்திருந்த ஈர்க்கை நிற்க வைத்தேன், படுக்க வைத்தேன். நல்ல முட்டை.

பாபு பக்கத்தில் வந்து, "அத்தைக்கு எயுத்து பெருசா தெரியணும்னு நாந்தாண்ணே இந்த அளவு வெச்சேன். எடுத்துடாதீங்க" என்றான். பிரியமாகச் செய்த காரியம். எழுத்துக்கு வேறு வழி இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். திரையின் அளவைக் கம்ப்யூட்டர் எது சரி என்று சொல்கிறதோ அதில் வைத்துவிட்டு, எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கினேன். மறுபடி ஈர்க்கு. நின்றதும் படுத்ததும் ஒன்று.

கன்னியம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாண்ணே, டிவிய போயி தொடப்பக் குச்சியால அளந்துக்கினு கீற?"

"வட்டமா இருக்கிறது வட்டமா தெரியணும்மா. முட்டை மாதிரி தெரிஞ்சா டிவி பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

"தட்டு தட்டா தெரியணும். அத்தான?"

"அதேதாம்மா" என்றேன்.

அப்போதுதான் கூப்பிட்டான். மணி அடித்தது, பாபு பட்டனை அமுக்கினான், வரதன் வந்தான்.

கன்னத்தில் சதை இல்லை. காதோரம் குழி. பனியனுக்கு மேலே கழுத்தெலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. "ம்மா, நாஷ்டா துன்னியா?" என்று சிரித்தபோது பல்தான் முதலில் தெரிந்தது.

பிறகு கன்னியம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இன்னா பண்ண நீ? எம் புள்ளய இப்டி நசுக்கி வெச்சிக்கீற!"

வரதனுக்கு அங்கே காது கேட்டது. அவன் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை. ஒரு நொடியில் புரிந்துகொண்டான். "யாரு, மெக்கானிக் அண்ணனா? அண்ணே, படத்த நெருக்கிட்டீங்க போல. முன்ன மாதிரியே வெச்சிடுங்க" என்று சிரித்தான். நான் அசையாமல் நின்றேன். "முன்ன மாதிரியே வெச்சிடுங்கண்ணே" என்றான் மறுபடியும். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. அது ஒரு கும்பிடு. அவனுக்கு அந்த அகலப் படம் எப்போதோ தெரிந்திருக்கிறது. அம்மா 'பூசினாப்ல கீற' என்று முதன்முதலாகச் சொன்ன அன்றே தெரிந்திருக்கும்.

என் கையில் மவுஸ் இருந்தது. வட்டத்தை முடித்தாயிற்று. இனி அவர்கள் இஷ்டம் என்று பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. தாய் கேட்கிறாள், பிள்ளை கேட்கிறான், இழுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போடா ஏகாம்பரம் என்றது மனசு. "சரியா வரலம்மா, இருங்க" என்று வாயைத் திறந்தும் விட்டேன். முட்டையை வட்டம் என்று சொல்லவிருந்தேன்.

"இரு" என்றார் கன்னியம்மா.

டிவிக்குக் கிட்டே போனார். "வரதா, பேரு வெட்டிக் குடுத்தன்ல, அந்தத் தட்ட எடு."

"இன்னாத்துக்கும்மா இப்ப? கயுவாம கீது."

"கயுவாட்டிப் பரவால்ல. எடுத்து நேரா புடி."

எவர்சில்வர் தட்டு. ஊருக்குப் போகும்போது அவன் பெயரை வெட்டிக் கொடுத்தனுப்பியது. எடுத்தான். முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். கன்னியம்மா என்னிடம் கையை நீட்டினார். எதற்கென்று எனக்குத் தெரியும். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஈர்க்கைக் கொடுத்தேன். டிவியில் தெரிந்த தட்டின் மேல் நிற்க வைத்து, நகத்தால் கிள்ளினார். படுக்க வைத்தார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். ஈர்க்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தட்டு சரியாத்தான்டா கீது" என்றார். "நீதான் சரியில்ல."

அவன் தட்டை இறக்கவில்லை. "எறக்குடா, மூஞ்ச காட்டு" என்று கன்னியம்மா சொல்லச் சொல்ல, தட்டைப் பிடித்தபடியே இருந்தான். அதற்குப் பின்னால் அவன் அழுகிற சத்தம் கேட்டது.

வயிற்றில் கட்டி. சாப்பிட்டது எதுவும் தங்காது. வீட்டுப் பூச்சு வேலை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மறைத்திருக்கிறான். கன்னியம்மா அன்றைக்கே, "வூடும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீ வா" என்றார். வந்தான். அந்தப் பெரிய சைஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தான். தோளில் இருந்து சட்டை தொங்கும். முன்பே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் பாபு அதை என்னிடம் வந்து சொன்னபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று வைத்த பிள்ளை அவன். அவனை என்ன சொல்ல? அடுத்த நெல் அறுப்புக்கு வரதன் இல்லை.

நீ போய் அளந்ததால்தான் பிள்ளை கடைசியில் தாய் கையால் சோறு சாப்பிட்டான் என்று என் வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தாய் பிள்ளையைப் பார்த்து வயிறு நிறைந்து எழுந்திருக்கிறாள். அத்தனை நாளும் அந்தப் படம் தப்பாக இருந்திருக்கிறது. ஓரம் வெட்டிய பிறகுதானே என்னைக் கூப்பிட்டார்கள்? பழைய டிவி கொஞ்சம் முன்னால் கெட்டிருக்கக் கூடாதா என்று நினைப்பேன். அடுத்த நிமிஷமே, அது கெடாமல் இருந்திருந்தால் அந்தம்மா கடைசிவரை சந்தோஷமாக இருந்திருப்பாளே என்றும் நினைப்பேன். இரண்டில் எதை ஆசைப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் கன்னியம்மா கடைக்கு வந்தார். பாபுவும் கூட. கையில் ஒரு படம். ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டது. வரதன் அங்கே பொங்கல் வைத்து, அதே தட்டில் போட்டுத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். அந்தப் பொங்கலன்று பேசும்போது பாபு கம்ப்யூட்டரிலேயே பிடித்து வைத்திருந்தது.

"இது இல்லண்ணே" என்றார் கன்னியம்மா. "அன்னிக்கி நான் பாத்தப்ப நல்லா இருந்தான். இதுல இளச்சிக்கீறான். ஸ்டுடியோக்காரன் எதோ பண்ணிட்டான்."

ஸ்டுடியோக்காரன் ஒன்றும் பண்ணவில்லை. படத்தை இழுத்தது டிவி. கம்ப்யூட்டருக்குள் இருந்த படம் எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பொங்கலுக்கே அவன் இளைத்துப் போயிருந்தான்.

"எனக்கு அந்த டிவில தெரிஞ்ச மாதிரி வேணும்" என்றார். "மாட்டி வெக்க."

கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். படத்தின் ஓரத்தைப் பிடித்து அகலவாக்கில் இழுத்தேன். கன்னம் கொஞ்சம் நிரம்பியது. பாய் அப்போது கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். சட்டைப் பையில் ஈர்க்கு இருந்தது. திரையில் தட்டு முட்டையாகிக்கொண்டிருப்பதை அவர் கண் பார்க்காமல் இருக்காது. இப்போது கேட்கப் போகிறார், வட்டம் எங்கே என்று கேட்கப் போகிறார் என்று கை நின்றுவிட்டது.

பாய் கன்னியம்மாவை ஒருமுறை பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இழு, ஏகா" என்றார்.

வருஷா வருஷம் திதிக்கு என்னையும் கூப்பிடுவார்கள். போன மாசமும் போய் வந்தேன். அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "எவ்ளோ நல்லா இருந்த புள்ள!" என்கிறார்கள். படத்துக்கு மாலை போடுகிறபோது மட்டும் கன்னியம்மா யாரையும் கிட்டே விடமாட்டார். அவர் கையால்தான் போடுவார். முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி, தட்டு மறைகிற மாதிரி.